பீப் சத்தத்தை மட்டும் நம்பிப் போர்டை மாற்றாதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வாஷிங் மெஷினில் ஸ்டார்ட் பட்டன் எடுக்கவில்லை என்று ஆள் கூப்பிட்டதற்கு, வந்தவர் இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு "போர்டு போயிருச்சுண்ணே, மாத்தணும்" என்று ஆயிரக்கணக்கில் எஸ்டிமேட் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனதாக உங்கள் வாசகர் கடிதம் பகுதியில் ஒருவர் வருத்தப்பட்டிருந்தார். மெஷினை இயக்கும் மின்னணுப் போர்டு போவதும் உண்டுதான். ஆனால் பட்டன் எடுக்கவில்லை என்ற புகாருக்கு முதலில் சந்தேகப்பட வேண்டியது அந்தப் பட்டனுக்குப் பின்னால் போர்டில் உட்கார்ந்திருக்கும் சின்ன சுவிட்சை. மதுரை டவுன்ஹால் ரோடு கடைகளில் சில ரூபாய்க்குக் கிடைக்கும் சாமான் அது. மல்டிமீட்டர் (வோல்ட், ஓம் அளக்கும் கருவி) பிடிக்கத் தெரிந்தவர்களிலும் பலர் அதை அரைகுறையாகத்தான் சோதிக்கிறார்கள். இணைப்பு இருந்தால் மீட்டர் பீப் அடிக்கும். அது அடித்தால் சுவிட்ச் நல்லது, ஆகவே போர்டு கெட்டது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். நல்ல போர்டுகள் குப்பைக்குப் போவது இந்தக் கணக்கினால்தான். அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுத இடம் தர வேண்டுகிறோம்.

கடையில் இதை டாக்ட் சுவிட்ச் என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள். அதிகம் ஓடும் ரகம் 6 மில்லிமீட்டருக்கு 6 மில்லிமீட்டர் சதுரம். மேலே ஒரு தண்டு, கீழே நான்கு கால். உள்ளே குமிழ் போல் வளைந்த மெல்லிய உலோகத் தகடு இருக்கும். அழுத்தினால் அது கால் மில்லிமீட்டர் அளவுக்கு உள்வாங்கி அடியில் உள்ள புள்ளியைத் தொடும். விரலில் தட்டுப்படும் அந்த "டிக்", தகடு மடங்குவதால் வருவது. தொடும் இடம் அழுக்கேறிக் கறுத்துப் போயிருந்தாலும் டிக் சத்தம் வரத்தான் செய்யும். ஆகவே காதில் கேட்பதையோ விரலில் படுவதையோ வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

நான்கு கால் என்றாலும் இணைப்பு இரண்டுதான். காலும் காலுமாக இரண்டு ஜோடிகள் உள்ளுக்குள்ளேயே நிரந்தரமாகச் சேர்ந்திருக்கும். சுவிட்சின் ஒரு பக்கத்தில் வெளிவரும் காலும், அதற்கு நேர் எதிர்ப்பக்கத்தில் வெளிவரும் காலும் ஒரு ஜோடி. இது தெரியாமல் அந்த ஜோடியில் மீட்டரை வைத்துவிட்டு, அழுத்தாமலேயே பீப் அடிக்கிறது, சுவிட்ச் ஷார்ட் என்று கழற்றுபவர்கள் உண்டு. எது எந்த ஜோடி என்று யோசிக்கவே வேண்டாம். குறுக்கு மூலையில் இருக்கும் இரண்டு கால்களில் முனைகளை வையுங்கள். எந்தத் திசையில் சுவிட்ச் மாட்டியிருந்தாலும் மூலைக்கு மூலை வைத்தால் சுவிட்ச் குறுக்கே வந்தே தீரும்.

சோதனைக்கு முன் மின்சார விஷயம். பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கிவிட வேண்டும், சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாது. 230 வோல்ட்டை நேராக டிசி ஆக்கும் போர்டுகளில் பெரிய கெப்பாசிட்டரில் (மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும் பாகம்) ஏறக்குறைய 325 வோல்ட் நிற்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது கொஞ்ச நேரம் இறங்காது. மீட்டரை டிசி 600 அல்லது 1000 வோல்ட்டில் வைத்து கெப்பாசிட்டரின் இரண்டு காலிலும் பார்த்துவிட்டுத்தான் மற்றதைத் தொட வேண்டும். வோல்ட் நின்றால், ஹோல்டரில் மாட்டிய பழைய 100 வாட் குண்டு பல்பின் இரண்டு வயரை வைத்து இறக்கிவிடலாம். ஸ்க்ரூடிரைவரைக் குறுக்கே வைத்து "டப்" என்று வெடிக்க விடுவது வீரம் இல்லை, கெப்பாசிட்டருக்கும் டிராக்குக்கும் (போர்டில் ஓடும் செம்புக் கோடு) கேடு. இன்வெர்ட்டர், யுபிஎஸ் என்றால் பிளக்கோடு பேட்டரி வயரையும் கழற்றியாக வேண்டும்.

இன்னொன்றைக் கொட்டை எழுத்தில் சொன்னால்கூடத் தகும். இன்டக்‌ஷன் அடுப்பு, வாஷிங் மெஷின் போர்டுகள் பலவற்றில் பட்டன் பகுதிக்குப் போகும் 5 வோல்ட், வீட்டு மின்சாரத்திலிருந்து பிரிக்கப்பட்டிருக்காது. வெறும் 5 வோல்ட்தானே என்று கரண்ட் இருக்கும்போது கை வைத்தால், தரையைப் பொறுத்து அந்த இடத்தில் 230 வோல்ட்டே இருக்கக்கூடும். இங்கே சொல்லும் சோதனை எதற்கும் கரண்ட் தேவையில்லை. கரண்ட் கொடுத்துப் பார்ப்பதைத் தொழில் தெரிந்தவரிடம் விட்டுவிடுங்கள். வாரண்டி இருக்கும் சாதனத்தைத் திறக்கவே வேண்டாம்.

மீட்டர் விலை உயர்ந்ததாக இருக்க வேண்டியதில்லை. திலகர் திடல் ஞாயிற்றுக்கிழமை சந்தையில் பழையது வாங்கினாலும் சரி, இரண்டு சங்கதி பார்த்துக்கொண்டால் போதும். ஒன்று பேட்டரி. உள்ளே இருக்கும் 9 வோல்ட் பேட்டரி இறங்கினால் மீட்டர் காட்டும் எண்ணே தப்பாகிவிடும். இரண்டாவது வயர். 200 ஓம் ரேஞ்சில் (ஓம் என்பது மின்தடையின் அளவு) வைத்து இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று அழுத்திப் பிடியுங்கள். 0.2 முதல் 0.5 வரை ஏதாவது காட்டும். அது வயரின் சொந்த ஓம், பின்னால் வரும் அளவிலிருந்து கழித்துக்கொள்ள வேண்டும். வயரை ஆட்டினால் எண் தாவுகிறது என்றால் வயர் உள்ளுக்குள் அறுந்திருக்கிறது. அதை வைத்துக்கொண்டு சுவிட்சைக் குறை சொல்லக்கூடாது.

இப்போது பட்டன் போர்டை மெயின் போர்டோடு இணைக்கும் கனெக்டரைக் கழற்றிவிடுங்கள். பாதிக் குழப்பம் அங்கேயே தீரும். 200 ஓம் ரேஞ்சிலேயே மூலைக்கு மூலை முனைகளை வைத்து, தண்டைத் தீக்குச்சி மாதிரி ஏதாவது ஒரு குச்சியால் அழுத்திப் பிடியுங்கள். தட்டித் தட்டி எடுக்க வேண்டாம். சாதாரண டிஜிட்டல் மீட்டர் நொடிக்கு இரண்டு மூன்று தடவைதான் அளக்கும் என்பதால் ஒவ்வொரு அழுத்தலும் இரண்டு நொடியாவது நிற்க வேண்டும். புது சுவிட்ச் 0.1 ஓமுக்குள் இருக்கும், அதாவது வயர் ஓமைக் கழித்தால் கிட்டத்தட்ட பூஜ்யம். பத்துத் தடவை அழுத்துங்கள், தண்டை நான்கு பக்கமும் லேசாகச் சாய்த்தும் அழுத்துங்கள். எல்லாத் தடவையும் 1 ஓமுக்குள் அசையாமல் நின்றால் தொடும் இடம் சுத்தம். ஒரு தடவை 0.3, அடுத்த தடவை 18, அதற்கடுத்து 140 என்று ஆடினால் சுவிட்ச் முடிந்தது என்று அர்த்தம், சில அழுத்தலில் நன்றாகக் காட்டினாலும் சரி. ஊசி மீட்டர் வைத்திருக்கும் பெரியவர்களுக்கு இதில் ஒரு வசதி. டிஜிட்டல் எண் காட்டுவதற்குள் தப்பிவிடும் நடுக்கத்தை ஊசி அப்படியே ஆடிக் காட்டிக் கொடுத்துவிடும்.

பீப் ஏன் போதாது என்பதற்கு வருவோம். பல மீட்டர்கள் 30 ஓம், 50 ஓம், சில அதற்கும் மேலே இருந்தால்கூடப் பீப் அடிக்கும். 40 ஓம் இருக்கும் சுவிட்சும் 0.1 ஓம் இருக்கும் சுவிட்சும் காதுக்கு ஒன்றுதான். முதலாவது கெடத் தொடங்கிவிட்டது. தொடும் இடத்தில் ஏறும் கறுப்பு அங்கேயே நிற்காது, நாளுக்கு நாள் ஆயிரம் ஓமை நோக்கிப் போகும்.

ஓம் கூடினால் என்ன ஆகும் என்பது போர்டின் அமைப்பைப் பொறுத்தது. ஒவ்வொரு பட்டனுக்கும் மைக்ரோ கன்ட்ரோலரில் (போர்டின் மூளையான சிப்) தனி வழி இருந்தால் அது கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும். 5 வோல்ட்டிலிருந்து 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் (மின்தடை தரும் பாகம்) வழியாக வரும் கோட்டை, 1 கிலோ ஓம் ஏறிவிட்ட சுவிட்ச் கீழே இழுத்தாலும் அங்கே 0.45 வோல்ட்தான் நிற்கும். அழுத்தியாயிற்று என்று சிப் புரிந்துகொள்ளும். ஆனால் டிவி, மானிட்டர், சில மெஷின்களில் வயரை மிச்சம் பிடிப்பதற்காக எல்லாப் பட்டனையும் ஒரே கோட்டில் வெவ்வேறு ரெசிஸ்டரோடு மாட்டி, வரும் வோல்ட்டேஜை வைத்து எந்தப் பட்டன் என்று கண்டுபிடிப்பார்கள். உதாரணத்துக்கு அதே 10 கிலோ ஓம் கோட்டில் வால்யூம் பட்டனுக்கு 1 கிலோ ஓம், சேனல் பட்டனுக்கு 2.2 கிலோ ஓம், மெனுவுக்கு 4.7 கிலோ ஓம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வால்யூம் என்றால் 0.45 வோல்ட், சேனல் என்றால் 0.90, மெனு என்றால் 1.6. வால்யூம் சுவிட்சின் தொடும் இடம் கறுத்து 1.2 கிலோ ஓம் கூடிவிட்டால் மொத்தம் 2.2 கிலோ ஓம். அழுத்தியது வால்யூம், மாறுவது சேனல்! வீட்டுக்காரர் "டிவிக்குப் பைத்தியம் பிடிச்சிருச்சு" என்பார், வந்தவர் "ஐசி (சிப்) போச்சு" என்பார். இரண்டு பேரும் அந்த ஒரு சுவிட்சை ஓமில் அளந்திருக்க மாட்டார்கள். ஒரு பட்டன் இன்னொரு பட்டன் வேலையைச் செய்கிறது என்ற புகார் வந்தால், நாங்கள் முதலில் கை வைப்பது இங்கேதான்.

அழுத்தாதபோது அளப்பது அதைவிட முக்கியம், அதைச் செய்பவர் அதைவிடக் குறைவு. மீட்டரை அதன் மிகப் பெரிய ஓம் ரேஞ்சில், சாதாரண மீட்டரில் 2000 கிலோ ஓமில், வையுங்கள். சுவிட்சைத் தொடாமல் விட்டால் இடப்பக்கம் ஒரு "1" மட்டும் நிற்க வேண்டும், சில மீட்டரில் "ஓஎல்" என்று வரும். இணைப்பே இல்லை என்று அர்த்தம். இரண்டு முனைகளின் உலோகத்தையும் இரண்டு கை விரலால் பிடித்துக்கொண்டு அளக்காதீர்கள். உடம்பின் ஓம் குறுக்கே வந்து, இல்லாத லீக்கேஜை (அழுத்தாமலேயே மின்சாரம் கசிவது) இருப்பதாகக் காட்டும். வியர்வைக் கையாக இருந்தால் இன்னும் மோசம்.

லீக்கேஜ் என்பது நம் ஊரில் சாதாரணமாக வரும் வியாதி. போர்வெல் தண்ணீர் உப்பு, அதோடு சோப்புத் தூள். ஈரக் கையோடு தினமும் பட்டனை அழுத்த அழுத்த, பேனல் இடுக்கு வழியாக அந்தத் தண்ணீர் உள்ளே இறங்கும். காய்ந்தபின் சுவிட்ச் காலைச் சுற்றி வெள்ளைப் பொடியாக நிற்கும், சில இடத்தில் செம்பு பச்சை பூத்திருக்கும். காய்ந்திருக்கும் வரை பெரிதாகத் தொந்தரவு இல்லை. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் காற்றில் ஈரம் ஏறியதும் அந்த உப்பு ஈரத்தை இழுத்துக்கொண்டு மின்சாரம் கடத்த ஆரம்பிக்கும். காலையில் மெஷின் தானாகப் பீப் அடிக்கும், மெனு தானாக வரும், அணைத்தது தானாக எழுந்துகொள்ளும். மதியம் வெயில் அடித்தால் ஒன்றுமே நடக்காதது போல் ஓடும். மெக்கானிக் மதியம் வந்தால் அவர் கண்ணுக்கு எதுவும் படாது. இந்தச் சுவிட்சைக் கழற்றி அளந்தால் 30 கிலோ ஓம், 80 கிலோ ஓம் என்று எண் நிற்கும், "1" வராது. பீப் ரேஞ்சில் இதற்குச் சத்தமே வராது என்பதால் நல்ல சுவிட்ச் என்று விட்டுவிடுவார்கள்.

போர்டிலேயே வைத்து அளக்கும்போது "1" வராவிட்டால் உடனே பழி போட வேண்டாம். கூடவே இருக்கும் ரெசிஸ்டர், எல்இடி, ஒரு திசையில் மட்டும் மின்சாரம் விடும் டயோடு வழியாகவும் எண் வரும். முனைகளை மாற்றி வைத்துப் பாருங்கள். எண் ஒரேயடியாக மாறினால் குறுக்கே டயோடோ ஐசியோ இருக்கிறது. எண் சிறிதிலிருந்து ஏறிக்கொண்டே போய் நின்றால் கெப்பாசிட்டர் சார்ஜ் ஆகிறது. பக்கத்தில் இருக்கும் அதே மாதிரிப் பட்டன்களையும் அளந்து ஒப்பிடுங்கள், ஒன்று மட்டும் தனியாகக் குறைந்து நின்றால் அதுதான் ஆள். உறுதி செய்ய வேண்டுமானால் சுவிட்சைப் போர்டிலிருந்து பிரித்தே ஆக வேண்டும். ஒரு காலை மட்டும் தூக்கினால் போதும் என்பது நான்கு கால் சுவிட்சில் செல்லாது. ஜோடிக் கால் போர்டோடு ஒட்டியிருக்கும் வரை இணைப்பு அப்படியே இருக்கும். ஒரு ஜோடியின் இரண்டு காலையும் விடுவிப்பதற்கு முழுசாகக் கழற்றுவதே சுலபம்.

சுவிட்ச் இரண்டு சோதனையிலும் தேறிவிட்டதா? அடுத்தது ஈயம், அதாவது காலைப் போர்டோடு ஒட்டியிருக்கும் சால்டர். தினமும் அழுத்தும் பட்டன் என்பதால் காலைச் சுற்றியிருக்கும் சால்டரில் வட்டமாக மயிரிழை விரிசல் விழும். ஒரு முனையைச் சுவிட்ச் காலின் நுனியிலும் மறுமுனையை அதே டிராக்கில் அடுத்து வரும் ரெசிஸ்டர் காலிலும் வைத்து, தண்டை அழுத்தியும் பக்கவாட்டில் அசைத்தும் பாருங்கள். அசைக்கும்போது எண் ஆடினால் சுவிட்ச் குற்றமற்றது, கொஞ்சம் ஃபிளக்ஸும் (ஈயம் நன்றாக ஒட்ட உதவும் பசை) புது ஈயமும் போதும். டிராக்கே அறுந்திருந்தால் மெல்லிய வயர் ஒன்றை மேலே வைத்துச் சால்டர் செய்துவிடலாம்.

கழற்றி மாற்றுவதில்தான் நல்ல போர்டு கெடுகிறது. பட்டன் போர்டுகள் பெரும்பாலும் மலிவான பழுப்பு நிறப் போர்டு, ஒரு பக்கம் மட்டும் செம்பு. சூடு அதிகமானால் செம்பு வட்டம் தோல் உரிவது போலக் கையோடு வந்துவிடும். 25 வாட் சால்டரிங் அயர்ன் போதும். பழைய சால்டர் மேல் முதலில் கொஞ்சம் புது ஈயம் வையுங்கள், அது சேர்ந்தால் பழையது சீக்கிரம் இளகும். ஒரு காலுக்கு இரண்டு மூன்று நொடி, உடனே சக்கரால் (உருகிய ஈயத்தை உறிஞ்சும் பம்ப்) உறிஞ்சிவிட்டு அடுத்த கால். நான்கும் சுத்தமான பிறகுதான் இழுக்க வேண்டும். வராவிட்டால் மறுபடி சூடு காட்டுங்கள், ஸ்க்ரூடிரைவர் கொடுத்து நெம்பக்கூடாது.

வாங்கும்போது கெட்டுப்போன சுவிட்சைக் கையில் கொண்டு போங்கள். 6-க்கு 6 என்று சொன்னால் மட்டும் போதாது, போர்டிலிருந்து தண்டு நுனி வரை உயரம் ஒத்துப்போக வேண்டும். 4.3, 5, 7, 9.5 மில்லிமீட்டர் என்று பல உயரம் உண்டு. 4.3 இருந்த இடத்தில் 5 போட்டால் பேனலை மூடியதும் பட்டன் அழுந்தியே நிற்கும், மெஷின் கரண்ட் கொடுத்ததும் உளறும். இப்படி உளறும் மெஷினைத்தான் "சுவிட்ச் மாத்தியும் சரியாகல, அப்ப போர்டுதான்" என்று தள்ளிவிடுகிறார்கள். 5 இருந்த இடத்தில் 4.3 போட்டால் பட்டன் தொளதொள என்று இருந்து தொடாமலே போகும். புதியதாக இருந்தாலும் சால்டர் செய்வதற்கு முன் இரண்டு ரேஞ்சிலும் அளந்துவிடுங்கள். மலிவான பாக்கெட்டில் சொத்தையும் இருக்கும்.

நான்கு கால் இருந்த இடத்தில் இரண்டு கால் சுவிட்சைப் போட்டு ஒப்பேற்றுவது இன்னொரு பிரச்சினை. ஒரு பக்கச் செம்புப் போர்டை வடிவமைப்பவர்கள், டிராக் தாண்ட முடியாத இடத்தில் சுவிட்சின் ஜோடிக் கால்களையே பாலமாகப் பயன்படுத்தியிருப்பார்கள். இரண்டு கால் சுவிட்ச் வந்ததும் அந்தப் பாலம் அறுந்து, அதற்கப்பால் இருக்கும் பட்டன்கள் எல்லாம் மொத்தமாகச் செத்துவிடும். ஒரு பட்டனை மாற்றப் போய் மூன்று பட்டன் போனால் முதலில் இதைப் பாருங்கள்.

மாற்றாமல் சுத்தம் செய்தால் போதாதா என்று கேட்பார்கள். ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் ஒரு சொட்டு தண்டின் ஓரத்தில் விட்டு, இருபது முப்பது தடவை அழுத்தி, நன்றாகக் காய விட்டால் ஓம் இறங்கும். அது தற்காலிகம்தான். வெள்ளி முலாம் தேய்ந்துபோன சுவிட்ச் கொஞ்ச நாளில் பழையபடி ஆகும். தின்னர், பெட்ரோல் பிளாஸ்டிக்கைக் கரைக்கும். தேங்காய் எண்ணெய் விடுவது அன்று மட்டும் ஓட வைக்கும், மறுநாளிலிருந்து தூசியை இழுத்து உள்ளே சேர்க்கும். காலைச் சுற்றி மட்டும் உப்புப் படிந்த போர்டு என்றால் ஆல்கஹாலும் பழைய பல் பிரஷும் வைத்துத் தேய்த்தாலே லீக்கேஜ் போய்விடுவது உண்டு. அப்படிப் போகிறதா என்று பார்த்துவிட்டுச் சுவிட்சைத் தொட்டால் நல்லது.

இந்த அளவுகளை எல்லாப் பட்டனுக்கும் பொருத்தக்கூடாது. ரிமோட்டில் ரப்பருக்கு அடியில் இருப்பது கார்பன், அழுத்தினால் நூறு இருநூறு ஓம் காட்டுவது அதற்கு இயல்பு. ஸ்டிக்கர் மாதிரி ஒட்டியிருக்கும் பேனலிலும் பத்து இருபது ஓம் இருந்தால் குறையில்லை. கண்ணாடி மேல் விரல் வைத்தாலே எடுக்கும் டச் அடுப்பில் சுவிட்சே கிடையாது, ஸ்பிரிங்தான் இருக்கும், அங்கே ஓம் சோதனை ஒன்றும் சொல்லாது. வாஷிங் மெஷின் மூடியில் இருக்கும் சுவிட்சும் வேறு ஜாதி, மூடியைத் திறந்தும் மூடியும் தனியாக அளக்க வேண்டும்.

மேலூர், உசிலம்பட்டி, அலங்காநல்லூர் பக்கம் விவசாயிகள் கிணற்று மோட்டாருக்கு வைத்திருக்கும் ஆட்டோ ஸ்டார்ட்டர், மொபைல் ஸ்டார்ட்டர் பெட்டிகளிலும் இதே சுவிட்ச்தான் இருக்கிறது. வயல்வெளி ஈரமும் எறும்பும் அதற்கு எமன். ஆனால் அந்தப் பெட்டிக்குள் மூன்று ஃபேஸ், 415 வோல்ட். மெயினை இறக்கி ஃபியூஸ் கேரியரையும் பிடுங்கி, மூன்று ஃபேஸும் செத்துவிட்டதா என்று மீட்டரில் பார்க்காமல் மூடியைத் திறக்க வேண்டாம். எந்நேரமும் கரண்ட் வரலாம் என்பதால் பிடுங்கிய ஃபியூஸை உங்கள் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

மீட்டர் பிடிக்க விருப்பமில்லாத வாசகர்களுக்கும் இதில் வேலை இருக்கிறது. பட்டன் புகாருக்கு வருபவர் போர்டு போய்விட்டது என்றால், அழுத்தும்போது எத்தனை ஓம், விட்டபோது எத்தனை ஓம் என்று கேளுங்கள். அளந்தவர் எண்ணைச் சொல்வார். அளக்கவில்லை என்றால் கனெக்டரைக் கழற்றி, உங்கள் முன்னாலேயே அளந்து காட்டச் சொல்லுங்கள், ஐந்து நிமிடம் ஆகும். அதற்குப் பிறகும் போர்டுதான் மாற்ற வேண்டும் என்று முடிவானால், பழைய போர்டைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அதில் மற்ற பட்டன்களின் சுவிட்சுகள் நல்ல நிலையில் இருந்தால் பின்னால் உதவும்.

இப்படிக்கு,
மின்னணுச் சாதனங்கள் பழுதுபார்க்கும் தொழிலாளர்கள் சிலர்,
மதுரை.